அரசாணிக்காயும் ஐந்து வாட் கோபமும்

இன்னும் நடக்காத கதை இது. அதனால் யாரும் குறுக்கே வந்து 'அப்படி இல்லை' என்று சொல்ல முடியாது. எனக்கும் சௌகரியம், உங்களுக்கும் சௌகரியம். நடந்து முடிந்தது போலவே சொல்லிவிடுகிறேன், எனக்கு அப்படித்தான் வாய்க்கு வரும். காலை நீட்டிக்கொண்டு கேளுங்கள், கண்ணுகளா.

அந்தக் காலத்தில் போனில் யாரும் யாரையும் திட்ட முடியாமல் போயிருந்தது. திட்டக் கூடாது என்று தடை இல்லை. திட்டினாலும் போய்ச் சேராது. 'இன்சொல்' என்று ஓர் ஏற்பாடு வந்திருந்தது. நீங்கள் பேசுவதை அது பாதி வழியிலேயே வாங்கி, காரத்தை எடுத்து, சர்க்கரையைப் போட்டு, உங்கள் குரலிலேயே அந்தப் பக்கம் கொடுத்துவிடும். இங்கே 'போடா மடையா' என்று கத்தினால் அங்கே 'பத்திரமா இருங்க தம்பி' என்று கேட்கும். எழுதி அனுப்பினாலும் அதே கதிதான். வந்த புதிதில் எல்லோருக்கும் சந்தோஷம். கோர்ட்டில் வழக்குகள் பாதியாகின. ரத்தக் கொதிப்பு மாத்திரை விற்றவர்கள் மட்டும் முகம் வாடினார்கள்.

கோயம்புத்தூர், ஈரோடு பக்கத்தில் அப்படி ஒன்று வந்ததையே ரொம்ப நாள் யாரும் கவனிக்கவில்லை. அங்கே ஏற்கெனவே அப்படித்தான் பேசுகிறார்கள்.

அந்தப் பக்கத்தில், பெருந்துறையில் இருந்தவள் கோகிலவாணி. வயது ஐம்பத்தெட்டு. பனியன் கம்பெனியில் துணியைச் சோதிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். துணியில் ஓர் இழை விட்டிருந்தால் பத்தடி தள்ளி நின்றே சொல்லிவிடுவாள். வீட்டுக்காரர் இல்லை. ஒரே மகள் மிருதுளாவைத் தூத்துக்குடி வேல்ராஜுக்குக் கட்டிக் கொடுத்திருந்தாள். பெண்ணும் மாப்பிள்ளையும் சுரங்க எஞ்சினியர்கள். கல்யாணம் முடிந்த ஒன்பதாம் நாள், மூன்று வருட ஒப்பந்தத்தில் நிலாவுக்குப் போய்விட்டார்கள். நிலா என்றதும் வாயைப் பிளக்காதீர்கள். அந்தக் காலத்தில் அது துபாய் மாதிரி.

பூமியில் மிச்சம் இருந்தது இரண்டு சம்பந்திகள். மாப்பிள்ளையின் அம்மா உலகம்மாள், இருபத்தெட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி டீச்சராக இருந்தவள். விசில் கழுத்தில் தொங்கும். ஆனால் அவள் குரலுக்கு விசில் தேவைப்பட்டதே இல்லை. அவளுக்கும் வீட்டுக்காரர் இல்லை.

கோகிலவாணியின் வீட்டுக் கொல்லையில் அரசாணிக்கொடி படர்ந்து கிடந்தது. அரசாணி என்றால் மஞ்சள் பூசணி. கல்யாணம் ஆன முதல் மாதம், நல்லதாக ஒரு காயைப் பறித்து, பார்சல் கொண்டுபோகும் பறக்கும் பெட்டியில் ஏற்றிச் சம்பந்திக்கு அனுப்பினாள். உலகம்மாள் போன் பண்ணி, எனக்குப் பூசணிக்காய் ஆகாது, வாடையே ஆகாது, இனிமேல் அனுப்பவேண்டாம் என்றாள். கோகிலவாணியின் காதில் விழுந்தது, பூசணிக்காய் அருமை, உங்கள் அன்பே தனி என்று. அடுத்த மாதம் இரண்டு காய் போயிற்று. உலகம்மாள் கொஞ்சம் கடுமையாகச் சொன்னாள். அது கொஞ்சம் கூடுதல் தித்திப்பாக வந்து சேர்ந்தது. மறுமாதம் நான்கு காய்.

உலகம்மாள் எவ்வளவுக்கு எவ்வளவு கத்தினாளோ அவ்வளவுக்கு அவ்வளவு காய் பெரிதாயிற்று. சம்பந்தி வீட்டுப் பொருளைக் குப்பையில் போடக் கூடாது என்று அவளுக்கு ஒரு நியாயம். தெருவில் கொடுத்துப் பார்த்தாள். முதல் வருடத்துக்குப் பிறகு அவளைக் கண்டதும் தெருவே கதவைச் சாத்தியது. இங்கே கோகிலவாணியோ, நம் சம்பந்திக்கு இவ்வளவு பிரியமா என்று உருகி, பக்கத்துக் காலி மனையிலும் விதை ஊன்றினாள்.

ஒருவருக்கொருவர் நேரில் போய்ப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பிள்ளைகள் இல்லாத வீட்டுக்கு அழைப்பில்லாமல் சம்பந்தி போய் நிற்பது மரியாதை இல்லை. நல்லதற்கு அழைத்தால் போகவேண்டும், துக்கத்துக்கு அழைக்காமலே போகவேண்டும். இரண்டும் இல்லாதபோது போன் போதும் என்று இருந்துவிட்டார்கள்.

பிள்ளைகள் திரும்ப எட்டு மாதம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, கோகிலவாணி சென்னிமலை ஏறினாள். சாமி கும்பிட்டு இறங்கும் வழியில், படியை விட்டுக் கொஞ்சம் தள்ளி, மரத்தடியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஊர் மாட்டாஸ்பத்திரி டாக்டர் மெஹரூன். மரக்கிளையில் ஒரு கம்பியை எறிந்து தொங்கவிட்டு, அதன் நுனியைச் சோப்பு டப்பா அளவு ரேடியோவில் சொருகி, தொடைமேல் ஒரு சின்னக் கட்டையை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டுவதும், காதில் கேட்பதும், சிரிப்பதுமாக இருந்தாள்.

என்ன வைத்தியம் இது என்று கோகிலவாணி விசாரித்தாள். மெஹரூன் சொன்னாள், இது மோர்ஸ். எழுத்துக்கு எழுத்து குட்டையும் நெட்டையுமாக ஒலி, நம் ஊர்ச் சேதியைப் போனில் டைப் அடிப்பதுபோல இங்கிலீஷ் எழுத்தில் தட்டுவோம். உரிமம் வாங்கியவர்கள் பொழுதுபோக்காகச் செய்வது. ஐந்து வாட், பூஜையறைச் சின்ன பல்புக்கு ஆகிற கரண்டுதான். இப்போது பேசியது தூத்துக்குடி லூர்துராஜ் அண்ணன். துறைமுகத்தில் இழுவைப்படகு ஓட்டியவர். உன் கை நொண்டி ஆடு நடக்கிற மாதிரி இருக்கிறது, ஒரு மாதம் பழகிவிட்டு வா என்றாராம்.

கோகிலவாணி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏனுங்க டாக்டரம்மா, திட்டிப்போட்டாருங்களா? அப்புடியே வந்துச்சுங்களா?"

"அப்புடியேதான் வந்துச்சுக்கா. நடுவுல டவரு இல்லை, கம்பெனி இல்லை. இந்தக் கம்பியில ஏறி, மேல வானத்துல பட்டு, அவரு கம்பியில எறங்குது. அதுக்குத்தான் வாராவாரம் மலை ஏறி வர்றேன். என் ஆஸ்பத்திரியில மாட்டுக்காரங்க எல்லாரும் போன்ல நன்றி நன்றிங்கறாங்க. எந்த மாடு பொழைச்சுது, எது செத்துதுன்னே எனக்குத் தெரிய மாட்டேங்குது."

கோகிலவாணி அன்றைக்கு மீதிப் படிகளை இறங்கினதே தெரியாமல் இறங்கினாள். 'இன்சொல்' பற்றி அவளுக்குத் தெரியாதா? தெரியும். எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது மற்றவர்கள் பேச்சைத்தான் திருத்துகிறது, நம் வீட்டுப் பேச்சு சுத்தமானது என்று எல்லோருமே நினைத்திருந்தார்கள். இப்போது யோசித்துப் பார்த்தாள். இரண்டேகால் வருடத்தில் உலகம்மாள் ஒரே ஒரு குறை சொல்லவில்லை. கல்யாணச் சாப்பாட்டில் குறை இல்லை, சீரில் குறை இல்லை, பெண்ணில் குறை இல்லை. குறையே சொல்லாத சம்பந்தி உலகத்தில் உண்டா? துணி பார்த்த கண் அல்லவா, இழை விட்ட இடம் இப்போது பளிச்சென்று தெரிந்தது. சம்பந்திக்குத் தன்மேல் கோபம். என்ன கோபம்? எட்டு மாதத்தில் பிள்ளைகள் வந்து இறங்கும்போது இரண்டு அம்மாக்களும் சேர்ந்து நின்று வரவேற்கவேண்டும். மனசில் என்ன இருக்கிறது என்று தெரியாத ஒருத்தியின் பக்கத்தில் எப்படி நிற்பது? அவளுக்கு அந்த வாரம் தூக்கமே பிடிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு மெஹரூனைப் பிடித்துக்கொண்டாள். உங்கள் லூர்துராஜ் அண்ணன் ஓர் எட்டுப் போய் நேரில் கேட்டு வந்து சொல்வாரா என்று கெஞ்சினாள். அவரும் நல்ல மனுஷன், போனார். அதற்கடுத்த ஞாயிறு அவர் தட்டத் தட்ட மெஹரூன் எழுதிக் காட்டினாள். கதவு முழுக்கத் திறக்கவில்லை, பின்னால் பூசணிக்காய். கட்டிலுக்கு அடியில் பூசணிக்காய். மாடிப்படியில் படிக்கு ஒன்று. அம்மா என்ன சொன்னார்கள் என்பதைக் குறித்து வந்திருக்கிறேன், ஆனால் அதில் முக்கால்வாசியைக் காற்றில் அனுப்ப எங்கள் ரேடியோ சட்டம் இடம் கொடுக்காது, கெட்ட வார்த்தைகளை விட்டுவிட்டேன், மீதி இருப்பது 'சம்பந்தி', 'பூசணி', 'அனுப்பட்டும்' என்ற மூன்றுதான்.

கோகிலவாணிக்கு ஆத்திரம் வந்தது. இந்தப் பக்கமும் ஒருத்தர் வடிகட்டுகிறாரே. அந்த மூன்று வார்த்தையை வைத்துக்கொண்டு இன்னும் பூசணி அனுப்பச் சொல்கிறாளோ என்றுகூட ஒரு நிமிடம் சந்தேகப்பட்டாள். இது வேலைக்கு ஆகாது, நானே தட்டுகிறேன், அந்தம்மாவும் தட்டட்டும் என்று சொல்லியனுப்பினாள். தூத்துக்குடியிலிருந்து ஒரே வாரத்தில் பதில் வந்தது. எனக்கும் அந்த அம்மாவிடம் நிறையச் சொல்லவேண்டி இருக்கிறது, கற்றுக்கொள்கிறேன்.

அப்புறம் நடந்த கூத்தைக் கேளுங்கள். கோகிலவாணி தோசைக்கரண்டியால் கல்லின் ஓரத்தில் தட்டித் தட்டிப் பழகினாள். தோசை தீயும், எழுத்து வரும். பேருந்தில் போகும்போது கடைப் பலகைகளை எல்லாம் வாய்க்குள் தட்டிப் பார்த்தாள். பக்கத்துச் சீட்டுக்காரி பேய் பிடித்திருக்கிறது என்று வேறு இடம் மாறிக்கொண்டாள். தூத்துக்குடியில் உலகம்மாள் மொட்டைமாடியில் விசிலை எடுத்து ஊதிப் பழகினாள். நான்கு தெரு தள்ளி முனையில் லாரிகள் நின்றன, கிளம்பின, மறுபடி நின்றன. நான்கு மாதத்தில் இருவரும் பரீட்சை எழுதி உரிமம் வாங்கினார்கள். கோபம் இருந்தால் எந்த வயதிலும் படிப்பு ஏறும் போலிருக்கிறது.

முதல் ஞாயிறு, சென்னிமலையில் கம்பி ஏறியது. தூத்துக்குடியில் கடற்கரைப் பக்கம் லூர்துராஜ் ஒரு மூங்கிலில் கம்பியைத் தூக்கி நிறுத்தினார். கோகிலவாணி முறைப்படி ஆரம்பித்தாள். சம்பந்தியம்மா நல்லா இருக்கீங்களா, உடம்பு எப்படிங்க, அங்கே மழையா, சாப்பிட்டாச்சா. அவள் வேகத்துக்கு இதற்கே பதினோரு நிமிடம் ஆயிற்று. கை கழன்றுவிடும்போல இருந்தது. மூன்றாவது கேள்வியில் 'ங்க'வை விட்டுவிட்டாள். அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. முடித்ததும் பதில் வந்தது, மூன்றே வார்த்தை. விஷயத்துக்கு வாங்க. பூசணி.

சண்டை தொடங்கிவிட்டது.

நிமிடத்துக்கு ஒரு வார்த்தை வேகத்தில் ஒரு சண்டை. நினைத்துப் பாருங்கள். உலகம்மாள் 'அறிவு' என்று தட்டி 'இருக்கா' என்று முடிப்பதற்குள் கோகிலவாணி ஒரு வாய் தண்ணீர் குடித்து மூடியை மூடி வைத்துவிடலாம். பதிலுக்குச் சூடாக ஒன்று யோசித்து வைத்தால், பாதி தட்டும்போதே அது ஆறிப்போகும். அடுத்ததை யோசிக்கவேண்டும். நடுவில் வானம் சதி செய்யும். முக்கியமான வசவு மங்கிப் போய், திரும்பச் சொல்லுங்கள் என்று வாங்கவேண்டியவளே கேட்டு வாங்கிக்கொள்ளவேண்டும்.

இதிலே வேடிக்கை என்னவென்றால், காற்றில் தட்டுவதை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஒரு நிஜச் சண்டையைக் கேட்டு வருடக்கணக்கு ஆகிப்போன ஜனங்கள் கூடிவிட்டார்கள். கொழும்பில் ஒரு பல் வைத்தியர், பாலக்காட்டில் ஒரு பூசாரி, சேலத்தில் ஒரு ரயில் ஓட்டுநர், இப்படி ஞாயிறு பத்து மணிக்கு நாற்பது ஐம்பது பேர் மூச்சு விடாமல் காத்திருந்தார்கள். மெதுவாகத் தட்டுவதால் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. யாராவது ஒருவர் நடுவில் நுழைந்து, அம்மா, பூசணிக்கு அடுத்த வார்த்தை விட்டுப்போச்சு என்பார். இன்னொருவர், உங்கள் கோபம் இங்கே மிகத் தெளிவாகக் கேட்கிறது, சிக்னல் பலம் ஒன்பதுக்கு ஒன்பது என்று அறிக்கை கொடுப்பார்.

மூன்று மாதம் ஓடியது. பூசணி அனுப்புவது முதல் வாரமே நின்றது. கல்யாணச் சாப்பாட்டுக் குறை வந்தது, சீர்த் தட்டின் குறை வந்தது. கோகிலவாணியும் சும்மா இல்லை. மாப்பிள்ளை அழைப்புக்கு ஒன்றேகால் மணி நேரம் தாமதமாக வந்தீர்களே என்று பழைய பாக்கியை எடுத்து வைத்தாள். ஒவ்வொரு வாரமும் இறங்கும்போது மெஹரூன் கேட்பாள், தெரிந்துவிட்டதா அக்கா, இவ்வளவுதானா கோபம் என்று. இல்லை அம்மிணி என்பாள் கோகிலவாணி. இது எல்லாம் மேலோட்டமான நூல். உள்ளே ஓர் இழை அறுந்திருக்கிறது, அது இன்னும் வெளியே வரவில்லை.

பிள்ளைகள் வந்து இறங்குகிற வாரம் வந்தது. கடைசி ஞாயிறு. கோகிலவாணி வளைக்காமல் கேட்டாள். வேறே ஏதோ இருக்கு. சொல்லு.

உலகம்மாள் தட்டினாள். வழக்கமான அடி இல்லை. எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு, நிறுத்தி நிறுத்தி வந்தது. மெஹரூன் எழுதவில்லை. கோகிலவாணியே காதில் வாங்கினாள்.

அக்கா செத்தா. உனக்குப் போன் பண்ணி அழுதேன். நீ வரல. பதினாறாம் நாள் பூசணிக்காய் வந்துச்சு. ரிப்பன் கட்டி.

கோகிலவாணிக்கு அந்த நாள் நினைவிருந்தது. சம்பந்தி போனில், அக்கா நிம்மதியாக இருக்கிறாள், நீங்களும் நிம்மதியாக இருங்கள் என்று அவ்வளவு இனிமையாகப் பேசினாள். அந்த இனிமையில் மனசு நிறைந்துதான் தோட்டத்திலேயே பெரிய காயாகப் பார்த்து, சிவப்பு ரிப்பன் கட்டி அனுப்பினாள். திட்டைத்தான் எடுக்கும் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அழுகையையும் எடுத்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை.

மன்னிப்புக் கேட்க வாய் வந்தது. ஆனால் அந்தக் காலத்தில் மன்னிப்புக்கு என்ன மதிப்பு? 'இன்சொல்' ஒரு நாளைக்கு முப்பது தடவை எல்லோருக்கும் எல்லோர் சார்பிலும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தது. வேறே வார்த்தை அவளுக்கு அகப்படவில்லை. மோர்ஸில் ஒரு வழக்கம் உண்டு. தட்டும்போது தவறு செய்துவிட்டால் விடாமல் எட்டுக் குட்டை ஒலி தட்டவேண்டும்; நான் செய்தது தப்பு, அதை எடுத்துவிடு என்று அர்த்தம். பழகுகிற காலத்தில் அவள் எதைவிடவும் அதிகம் தட்டியது அதைத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டையில் கை வைத்தாள். எட்டுத் தடவை தட்டினாள்.

காற்றில் ஐம்பது பேர் இருந்தார்கள். ஒருத்தரும் அசையவில்லை. ரயில் ஓட்டுநர்கூட.

உலகம்மாளிடமிருந்து பதில் வந்தது. சரியா விழல. மறுபடி தட்டு.

மறுபடி தட்டினாள்.

அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு பேருந்து ஏறினாள் கோகிலவாணி. இரண்டரை வருடம் தாமதமாகத் துக்கம் கேட்கப் போனவள் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். உலகம்மாள் கதவைத் திறந்தாள். இருவரும் பூசணிக்காய்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, செத்துப்போன அந்த அக்காவுக்காகச் சத்தமாக, யாரும் திருத்தாமல், ஒரு மணி நேரம் அழுதார்கள். பிறகு உலகம்மாள் எழுந்து முகம் கழுவி, நீங்க சாப்பிட்டியளா மதினி என்று கேட்டாள். சம்பந்தியம்மா என்ற பேச்சு அதோடு போயிற்று.

புதன்கிழமை இருவரும் சேர்ந்தே குலசேகரப்பட்டினத்துக்குப் போனார்கள். நிலாவிலிருந்து வருகிற கப்பல் அங்கேதான் இறங்கும். சோதனை எல்லாம் முடிந்து மிருதுளாவும் வேல்ராஜும் கூடத்துக்கு வந்தார்கள். அம்மாக்கள் ஆரத்தி எடுத்தார்கள், கண்ணீர் விட்டார்கள். எல்லாம் சரியாகத்தான் நடந்தது. கூடத்து வாசலில் ஓர் அதிகாரி, பூமியில் இது வேண்டாம் என்று இருவர் காதிலிருந்தும் சின்னக் குழாயைக் கழற்றி வாங்கிக்கொண்டார்.

நிலாச் சுரங்கத்தில் எந்நேரமும் பாறை குடைகிற இரைச்சல். பக்கத்தில் இருப்பவர் பேசுவதும் அந்தக் குழாய் வழியாகத்தான் கேட்கும். குழாய்க்குள் யார் இருந்திருப்பார் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

வெளியே வந்ததும், முதலில் எந்த வீட்டுக்குப் போவது என்று பேச்சு வந்தது. வேல்ராஜ் தூத்துக்குடி பக்கம்தானே என்றான். மிருதுளா, என் அம்மா அத்தனை தூரத்திலிருந்து வந்திருக்கிறாள் என்றாள். அவன் ஏதோ சொன்னான். அவள் ஏதோ சொன்னாள். இரண்டு பேருக்கும் முகம் வெளுத்துப் போயிற்று.

மிருதுளா ஓடிவந்து அம்மா தோளைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, அவருக்கு என்னையப் புடிக்கலீங்கம்மா. மூணு வருசத்துல ஒரு வார்த்தை இப்படிப் பேசுனதில்லை. இது வேற ஆளுங்கம்மா."

அந்தப் பக்கம் வேல்ராஜ், ஆறடி ஆள், தன் அம்மாவிடம் போய் நின்றான். "எம்மா, இவ கத்துதாம்மா. எல்லாம் முடிஞ்சு போச்சு."

இரண்டு அம்மாக்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பரீட்சைத்தாள் கையில் வந்த வாத்தியார்களைப் போல ஒரு தெளிவு அவர்கள் முகத்தில் வந்தது.

"எவ்வளவு நேரம் சண்ட போட்டிய?" என்று உலகம்மாள் கேட்டாள்.

அரை நிமிடம் இருக்கும் என்றான் வேல்ராஜ்.

"அரை நிமிசமா? அதுக்குள்ள என்னத்த முடிஞ்சிரும்? போங்க, அந்த வேப்பமரத்தடிக்குப் போங்க. மூணு வருசத்துது எல்லாத்தையும் பேசிட்டு வாங்க. அவசரமே இல்ல. நாங்க காப்பி குடிக்கப் போறோம்."

கோகிலவாணி மகள் கையைத் தோளிலிருந்து எடுத்து, முதுகில் ஒரு தட்டுத் தட்டி அனுப்பினாள். மெதுவாப் பேசு கண்ணு, ஒவ்வொரு வார்த்தையாப் பேசு என்று மட்டும் சொன்னாள்.

காப்பிக் கடையின் கண்ணாடி வழியாக மரத்தடி தெரிந்தது. மிருதுளா கையை வீசிப் பேசிக்கொண்டிருந்தாள். வேல்ராஜ் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். பிறகு அவன் எழுந்து பேசினான், அவள் உட்கார்ந்தாள். இந்த அம்மாக்கள் இருவரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோகிலவாணிக்கு ஒன்று கேட்கவேண்டி இருந்தது. இந்த எட்டு மாதமும் மலை ஏறியது அதற்காகத்தான். ஐம்பது பேர் கேட்க அதைத் தட்டத் தைரியம் வரவில்லை. உலகம்மாள் வீட்டில் மூன்று நாள் சாப்பிட்டுத் தூங்கியும் வாய் வரவில்லை.

"மதினி, எம்மேல இன்னுங் கோவமுங்களா?"

உலகம்மாள் காப்பியை இரண்டு ஆற்று ஆற்றினாள். உண்மையாகவே உள்ளே தேடிப் பார்த்தாள்.

"ஆமா மதினி," என்றாள். "கொஞ்சம் இருக்கு."

மூன்று வருடத்தில் அப்படி ஒரு நல்ல வார்த்தையை அவள் காது கேட்டதில்லை. கோகிலவாணி தன் நாற்காலியைச் சம்பந்தியின் பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.